ஷோஸ்தகோவிச்சின் ஐந்தாவது சிம்பொனி: எந்தப் பதிவை வாங்கலாம்?

சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச் ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதிய இந்த நான்கு பகுதிப் படைப்புக்குப் பல பதிவுகள் உண்டு. முழுவதையும் கேட்டு ஒப்பிட வேண்டாம். நான்காம் பகுதியின் கடைசி மூன்று நிமிடங்களை மட்டும் முதலில் கேளுங்கள். ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் 1959இல் செய்த பதிவில் அந்த முடிவு வெற்றி முழக்கமாகப் பாய்கிறது. 1937இல் லெனின்கிராடில் இதை முதன்முதலில் நடத்தி அரங்கேற்றிய யெவ்கெனி ம்ராவின்ஸ்கியின் பதிவுகளிலோ அதே சுரங்கள் கனத்து, மெதுவாக நகர்கின்றன. வயலின்கள் ஒரே சுரத்தை விடாமல் இழைப்பது அங்கே கொண்டாட்டமா, கட்டாயமா என்றே தோன்றும். எனக்கு அந்த மெதுவான வேகம்தான் சரி.

அப்புறம் மூன்றாம் பகுதி. ட்ரம்பெட் போன்ற பித்தளைக் கருவிகளே இல்லாத இடம் அது; மெல்லிய தந்தி ஒலி தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். ஒலி அளவை மட்டும் எல்லாப் பதிவுக்கும் சமமாக வையுங்கள், சத்தமானது எப்போதுமே நல்லதாகத் தோன்றிவிடும்.