தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் எலிப் புழுக்கை

மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். கையில் சிக்குவதெல்லாம் வாய்க்குப் போகும் வயது. கட்டிலுக்கடியில் உருண்ட பந்தை எடுக்கக் குனிந்தேன். சுவரோரம் அரிசி மணி அளவில் கறுப்பாக ஏழெட்டுப் புழுக்கை. பதறிப்போய்த் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளிவிட்டேன்.

அதுதான் தப்பு. காய்ந்த புழுக்கையும் மூத்திரமும் பெருக்கினால் தூளாகி மேலே கிளம்பும். எலி பரப்பும் ஹான்டா வைரஸ் என்ற கிருமி பெரும்பாலும் அந்தத் தூசியை மூச்சில் இழுப்பதால்தான் தொற்றுகிறது. எலி மூத்திரத்தில் இருக்கும் புரதம் ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். வாக்குவம் கிளீனரும் வேண்டாம்.

சரி, எப்படித்தான் அள்ளுவது? குழந்தையை வேறு அறையில் விட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட விடுங்கள். ரப்பர் கையுறை கட்டாயம். ஒரு பங்கு ப்ளீச்சில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, புழுக்கை நன்றாக நனையும்படி ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். காகிதத்தால் வழித்துப் பையில் கட்டி, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். தரையையும் அதே கரைசலால் துடைக்கலாம். ப்ளீச்சோடு வேறு எந்தக் கிளீனரையும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். தரையில் கிடந்த பொம்மைகளுக்குச் சோப்புக் குளியல்.

அப்புறம் நானும் மகளைப் போலவே தவழ்ந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள், நின்றுகொண்டு தேடினால் ஓட்டை கண்ணில் படாது. பென்சில் நுழையும் இடைவெளி சுண்டெலிக்குப் போதும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் ஓட்டை இருந்தது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசினேன்.

விஷம் வைக்கலாம் என்றான் அண்ணன். மறுத்துவிட்டேன். மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்கு மாற்று மருந்தே கிடையாது. ரத்தம் உறையாமல் செய்யும் வில்லைகளோ இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அதுவரை குழந்தை விளையாடிக்கொண்டே இருக்கும். வாயில் வைத்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

எலி கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். எலிக்காய்ச்சலுக்குக் கடியே வேண்டாம். மூத்திரம் பட்ட ஈரத்திலிருந்து சிராய்ப்பு, கண், வாய் வழியாகக் கிருமி ஏறிவிடும். காய்ச்சல் வர ஒரு மாதம்கூட ஆகலாம். இந்தக் காய்ச்சலில் வரும் கால் வலியைச் சொல்லத் தெரியாத வயது வேறு.

மூன்று வாரம் கழித்து மகளுக்கு உடம்பு சுட்டது. மருத்துவர் கேட்பதற்கு முன்பே, "வீட்டில் எலி இருந்தது" என்றேன். ரத்தப் பரிசோதனை செய்தார்கள். வெறும் சளிக்காய்ச்சல்தான்.