காஸ்பல் ராப் பாட்டில் விருந்தாளிக்கு எங்கே இடம் விடுவது?

காஸ்பல் என்பது கிறிஸ்தவப் பக்திப் பாட்டு. அதோடு ராப்பைச் சேர்த்துப் பாட்டு செய்யும்போது, வெளியிலிருந்து அழைக்கும் பாடகருக்கோ ராப்பருக்கோ, அதாவது விருந்தாளிக்கு, எப்படி இடம் விடுவது என்று பார்ப்போம். முதலில் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு வாருங்கள். அமெரிக்க ராப்பர் கான்யே வெஸ்ட் 2016 பிப்ரவரியில் வெளியிட்ட 'தி லைஃப் ஆஃப் பாப்லோ' ஆல்பத்தின் முதல் பாட்டு, 'அல்ட்ராலைட் பீம்'. கேட்கும்போதே யார் எப்போது வாயைத் திறக்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

சாத்தானை அதட்டும் ஒரு குழந்தையின் குரல், கான்யேவின் சில வரிகள், பாடகர்கள் தி-ட்ரீம், கெல்லி பிரைஸ், கொயர் (பாடகர் குழு), சான்ஸ் தி ராப்பர், கடைசியில் காஸ்பல் இசைக்கலைஞர் கர்க் ஃபிராங்க்ளினின் ஜெபம். பாட்டுக்குச் சொந்தக்காரர் ஒரு ராப் வெர்ஸ்கூட (ராப்பாகச் சொல்லும் பத்தி) சொல்லவில்லை, கவனித்தீர்களா? அதை அப்போது 22 வயதே ஆன சான்ஸிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டார்.

படி 1: ஆளைத் தேடுமுன் பாட்டில் யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கறுப்பினச் சபைகளின் ஆராதனையில் ஒருவர் சாட்சி சொல்வார், கொயர் பதில் பாடும், போதகர் ஜெபிப்பார். மேலே சொன்ன பாட்டும் ஏறக்குறைய இதே வரிசைதான். அதனால் "யார் பிரபலம்" என்று பார்க்காமல், சாட்சி யார், பதில் யார், ஜெபம் யார் என்று எழுதிவையுங்கள். கர்க் ஃபிராங்க்ளின் 1997-இலேயே இதைத் தலைகீழாகச் செய்தவர்: 'ஸ்டாம்ப்' என்ற காஸ்பல் பாட்டுக்குள் சால்ட்-என்-பெப்பா என்ற ராப் குழுவின் சால்ட்டை ராப் பாட வைத்தார்.

படி 2: பீட்டை, அதாவது குரலுக்குப் பின்னால் ஓடும் இசையை, காலியாக விடுங்கள். புதிதாகச் செய்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆர்கன், பேஸ், கிளாப், ஹை-ஹாட், அதற்கு மேல் ஒரு ஸ்ட்ரிங்ஸ் என்று அடைத்துவிட்டு அப்புறம் விருந்தாளியைக் கூப்பிட்டால் அவர் எங்கே நிற்பார்? ஆர்கனில் ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), அவ்வப்போது விழும் ஒரு டிரம், இடையில் அமைதி. தொடங்க இவ்வளவு போதும்.

படி 3: கொயர். காஸ்பல் கொயர் பெரும்பாலும் சொப்ரானோ, ஆல்டோ, டெனர் என்று மூன்று குரலில்தான் பாடும். மூன்று பேர் கிடைத்தால் போதும், ஒவ்வொரு வரியையும் நான்கு முறை பாட வையுங்கள், ஒவ்வொரு முறையும் மைக்கிலிருந்து ஓரடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஒரே டேக்கை (ஒருமுறை பாடிய பதிவை) காப்பி பண்ணி ஒட்டினால் ஒரு கூட்டம் பாடுவதுபோல் கேட்காது, ஒரே ஆள் சத்தமாகப் பாடுவதுபோல்தான் இருக்கும்.

படி 4: ஃபைல் அனுப்புவது. நான் ஒருமுறை அவசரத்தில் எம்பி3 அனுப்பிவிட்டேன். திரும்பி வந்த குரல் முழுக்க ஒரு நூலிழை தள்ளியே இருந்தது, ராப்பர் தாளம் தெரியாதவர் என்று நினைத்து மனதுக்குள் திட்டிக்கொண்டே ஒரு ராத்திரி முழுக்க வரிவரியாக நகர்த்தினேன். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் சேர்ந்துகொள்ளும் என்பது மறுநாள்தான் தெரிந்தது. வேவ் ஃபைலாகவே அனுப்புங்கள், பீட்டுக்கு முன்னால் 2 பார் (தாளச் சுற்று) நீளத்துக்குத் தாளம் காட்டும் கிளிக் வையுங்கள், டெம்போவையும் சுருதியையும் ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

படி 5: விருந்தாளியின் குரல் வந்த பிறகு பீட்டைத் திரும்பப் பிரித்துச் சரிசெய்யுங்கள். சான்ஸின் வெர்ஸை ஹெட்ஃபோனில் கேளுங்கள். அவர் வேகம் கூட்டக்கூட, பின்னால் கொயரும் ட்ரம்பெட்டும் மெதுவாக ஏறி வருகின்றன. உங்கள் விருந்தாளி மூச்சு வாங்கும் இடம் ஒவ்வொன்றையும் குறியுங்கள், கொயரின் பதிலை அங்கே மட்டும் வையுங்கள். வார்த்தையின் மேல் வார்த்தை விழுந்தால், வெட்ட வேண்டியது கொயரைத்தான். நீங்கள் எழுதிய ஹூக் (திரும்பத் திரும்ப வரும் வரி) அவருடைய கடைசி வரிக்கு முன்னால் சப்பென்று தெரிகிறதா? தூக்கிப் போடுங்கள், அந்த வரியையே கொயருக்குக் கொடுத்துப் பாருங்கள். எனக்குப் பாதி ஹூக் இப்படித்தான் கிடைத்தது.

படி 6: பாட்டை எழுதியதில் யாருக்கு எத்தனை சதவீதம் பங்கு என்று ஒரே பக்கத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள், கொயரில் வரி சேர்த்துக் கொடுத்தவர் உட்பட. மிக்ஸ் தொடங்குமுன் முடித்துவிடுங்கள், பாட்டு வெளியான பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் நட்பும் சேர்ந்து போகும்.