ஜாகுவார் இ-டைப்பா, மெர்சிடிஸ் பகோடாவா? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாகுவார் இ-டைப் 1961-லும், பகோடா என்று செல்லமாக அழைக்கப்படும் மெர்சிடிஸ் 230 எஸ்எல் 1963-லும் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாயின. கூரை திறக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுபவர்கள் பலரும் கடைசியில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். தடுமாறட்டும், இரண்டுமே அவ்வளவு அழகு. ஆனால் எதை வைத்து ஒப்பிடுவது என்பதில் கோட்டை விட்டால் இழப்பு பெரிது.

முதலில் குதிரைத்திறன். இ-டைப் 265, பகோடாவின் பிந்தைய வகையான 280 எஸ்எல் 170 என்று படித்ததுமே முடிவுகட்டிவிடுகிறார்கள். ஜாகுவார் சொன்ன 265, சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல் என்ஜினைத் தனியாக ஓட்டி அளந்த கணக்கு. மெர்சிடிஸின் 170, காரில் இருக்கும் நிலையிலேயே அளக்கும் ஜெர்மன் முறை. இ-டைப்தான் வேகமான கார், சந்தேகமில்லை. ஆனால் வித்தியாசம் அந்த எண்கள் காட்டும் அளவுக்கு இல்லை. பகோடாவைச் சொகுசு வண்டி என்று ஒதுக்குவதும் சரியில்லை. 1963-ல் ஸ்பா-சோஃபியா-லியேஜ் ராலியில் ஆய்கன் போரிங்கர் ஜெயித்தது 230 எஸ்எல்லில்தான்.

இதைவிடப் பெரிய தவறு, என்ஜின் சத்தத்தில் மயங்கி வண்டி உடலின் இரும்பைப் பார்க்காமல் விடுவது. என்ஜினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். டிங்கரிங் செலவுக்குத்தான் எல்லையே கிடையாது. இ-டைப்பில் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடுதான் பாரம் தாங்குகிறது. கூரை இல்லாத வண்டியில் அதற்கு வேலை இன்னும் அதிகம். துருப்பிடித்த தகட்டை, உடலுக்கு முட்டுக் கொடுக்காமல் யாராவது வெட்டி மாற்றியிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். கதவு இடைவெளி மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு என்று இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுவது நல்லது.

பட்டி பூசியிருக்கிறதா என்று பார்க்கக் காந்தம் கொண்டுபோவீர்கள். பகோடாவின் கதவிலும் பானட்டிலும் டிக்கி மூடியிலும் அது ஒட்டாது; அவை அலுமினியம். அதைப் பார்த்து நல்ல வண்டியைத் தள்ளிவிடாதீர்கள். முன் மட்கார்டில் ஒட்ட வேண்டும். பானட்டைத் திறந்து மட்கார்டின் உள்விளிம்பையும் பாருங்கள். தொழிற்சாலையில் போட்ட ஸ்பாட் வெல்டிங் குழிகள் வரிசையாகத் தெரியும். வழுவழுவென்று இருந்தால் அங்கே யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் எண்கள். மூடிய கூபேயின் கூரையை வெட்டி ரோட்ஸ்டராக மாற்றிய இ-டைப்கள் உண்டு. இடதுபக்க ஸ்டியரிங் உள்ள 3.8 லிட்டர் ரோட்ஸ்டரின் சேசிஸ் எண் 875001-ல் தொடங்குகிறது, கூபேயின் எண் 885001-ல். விலை பேசுவதற்கு முன்னால் இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பகோடாவின் சேசிஸ் எண்ணில் 113.042 என்றால் 230 எஸ்எல், 043 என்றால் 250, 044 என்றால் 280. 230-க்குள் 280-இன் என்ஜின் உட்கார்ந்திருந்தால் ஓட்டச் சுகமாக இருக்கும், ஆனால் சேகரிப்பவருக்கு மதிப்பு குறைவு.

பல வருடம் நின்ற வண்டி என்றால் பகோடாவில் கூடுதல் கவனம் வேண்டும். இ-டைப்பின் மூன்று எஸ்யு கார்புரேட்டர்களைச் சரிசெய்வது ஒப்பீட்டளவில் எளிது. பகோடாவில் பெட்ரோலைப் பீய்ச்சும் பாஷ் நிறுவனத்தின் இன்ஜெக்‌ஷன் பம்ப் இறுகிவிட்டால் அதற்கென்றே இருக்கும் நிபுணரிடம்தான் போகவேண்டும்.

பகோடா என்றாலே மடக்குக் கூரை இருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். கலிபோர்னியா வகையில் கழற்றும் கெட்டிக் கூரை மட்டும்தான். அதை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினால், வழியில் மழை வந்தால் மூட ஒன்றும் இருக்காது.