மாட்டுக் கொழுப்பு சோப்பு வாடை அடிக்காமல், பிரியாமல் வர

கொழுப்பைப் பொடியாக நறுக்கி, தண்ணீரும் கொஞ்சம் உப்பும் சேர்த்துச் சிறுதீயில் உருக்கி வடிகட்டுங்கள். ஆறி உறைந்ததும் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படிவைச் சுரண்டி எறியுங்கள். சோப்பில் வாடை வருவது பெரும்பாலும் அதனால்தான்.

500 கிராம் கொழுப்புக்கு 66 கிராம் காஸ்டிக் சோடா, 170 கிராம் தண்ணீர். கரண்டிக் கணக்கு உதவாது, தராசில் நிறுங்கள். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாமேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, அரித்துவிடும்.

மறுபடி உருக்கிய கொழுப்பும் சோடாத் தண்ணீரும் 50 டிகிரி செல்சியஸ் அருகில் இருக்கும்போது கலந்து, கெட்டிப் பதம் வரும்வரை கிளறி அச்சில் ஊற்றுங்கள். ரொம்ப ஆறிவிட்டால் கொழுப்பு தானாக உறைந்து, சோப்பு பதம் வந்ததுபோல் ஏமாற்றும். பிறகு அச்சில் பிரியும். மறுநாள் வெட்டி, காற்றோட்டத்தில் 4 முதல் 6 வாரம் உலரவிடுங்கள்.