இணைய ஏலத்தில் ஏமாறாமல் வாங்கவும் விற்கவும்

ஏலம் கேட்க இறங்கும் முன், அந்தப் பொருளுக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்பதை, அனுப்பும் செலவையும் சேர்த்து, முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு, இப்போது விற்பவர்கள் கேட்கும் விலையை விட்டுவிட்டு, அதே பொருளுக்கு அண்மையில் முடிந்த ஏலங்களின் விலையைப் பாருங்கள். ஈபே போன்ற தளங்களில் உங்கள் உச்சத்தொகையை முதலிலேயே பதிந்துவிட்டால், பிறர் கேட்பதற்கு ஏற்ப, தேவையான அளவு மட்டும் தளமே உங்களுக்காக உயர்த்திக் கேட்கும். கடைசி நிமிட வேகத்தில் கைமீறிப் போகாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. விற்பவரே வேறொரு கணக்கின் வழியாக விலையை ஏற்றிவிடுவதும் உண்டு என்பதால், ஒரே விற்பனையாளரின் பொருள்களுக்கு மட்டும் ஓயாமல் கேட்டு, ஒன்றையும் வெல்லாத கணக்கைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள்.

விற்பவர் பெற்றிருக்கும் பாராட்டுகளின் எண்ணிக்கையைவிட, அவை எதற்காகக் கிடைத்தவை என்பதே முக்கியம். மலிவான சிறுபொருள்களை விற்றுப் பெயர் வாங்கிய கணக்கு, நெடுநாள் ஓய்வுக்குப் பின் திடீரென விலையுயர்ந்த கேமராக்களை அடுக்கினால், அது களவாடப்பட்ட கணக்காக இருக்கலாம். விளக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். ‘பெட்டி மட்டும்’ என்ற சொற்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பெரிய இழப்புகள் நேர்வது பணம் செலுத்தும் கட்டத்தில்தான். தளத்துக்கு வெளியே முடித்துக்கொண்டால் விலையைக் குறைப்பதாகச் சொல்பவரும், பரிசு அட்டையின் எண்களைக் கேட்பவரும், நீங்கள் கேள்விப்படாத ஓர் இடைத்தரகு நிறுவனத்தில் பணத்தைக் கட்டச் சொல்பவரும் செய்ய முயல்வது ஒன்றே: உங்கள் பணத்தைத் தளத்தின் பாதுகாப்புக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்துவது. பேபால் என்ற இணையப் பணம் செலுத்தும் சேவையில், நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும் அனுப்பும் முறையில் செலுத்திய பணத்துக்கு வாங்குவோர் பாதுகாப்பு கிடையாது. நீங்கள் தோற்ற ஏலத்தில் வென்றவர் பின்வாங்கிவிட்டதாகவும், பொருளை நீங்களே வாங்கிக்கொள்ளலாம் என்றும் அழைத்து மின்னஞ்சல் வந்தால், அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், தளத்துக்குள் நேராக நுழைந்து உங்கள் கணக்கில் அந்த அழைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

விற்பவருக்கும் ஆபத்து குறைவில்லை. பணம் வந்துவிட்டதாகச் சொல்லும் மின்னஞ்சலை நம்பிப் பொருளை அனுப்பாதீர்கள். கணக்கில் பணம் சேர்ந்திருப்பதை நீங்களே பார்த்த பின்னரே அனுப்புங்கள். கூடுதலாகச் செலுத்திவிட்டு மிச்சத்தை வேறொருவருக்கு அனுப்பச் சொன்னால், செலுத்தியதே செல்லாத பணமாக இருக்கக்கூடும். தளத்தில் பதிவான முகவரிக்கு மட்டும், கண்காணிப்பு எண்ணுடனும், விலை அதிகமென்றால் பெறுபவரின் கையொப்பத்துடனும் அனுப்புங்கள். பொருளின் வரிசை எண்ணையும் பொதி கட்டும் நிலையையும் படமெடுத்து வைத்தால், வேறொரு பழுதான பொருள் திரும்பி வரும்போது சான்றாக உதவும். நேரில் வந்து எடுத்துச் செல்பவரிடம், பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

பேச்சு முழுவதும் தளத்தின் செய்திப் பகுதியிலேயே நடக்கட்டும். முறையிடுவதற்குக் காலவரம்பு உண்டு. முறையீட்டை மூடினால் உடனே பணம் தருவதாக எதிர்த்தரப்பு சொன்னாலும், பணம் வந்து சேரும்வரை மூடாதீர்கள், ஏனெனில் மூடியதை மீண்டும் திறக்கப் பல தளங்கள் அனுமதிப்பதில்லை.