தரை பளிச்சென்றிருந்தால் போதுமா?

குமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று. நடுவில் சுவர் முழுசாகக் காய்வதே இல்லை. அதனால் தரையைப் பார்த்து வீடு சுத்தம் என்று முடிவு செய்யாதீர்கள். அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். கரும்பச்சைப் புள்ளிகளும், மடித்து வைத்த துணியில் முடை நாற்றமும் இருந்தால் பூஞ்சைதான்.

காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் தூள் பறந்து அடுத்த சுவரிலும் பிடிக்கும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, தண்ணீர் கலக்காத வெள்ளை வினிகரைத் தெளியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்து, ஃபேன் போட்டு உலர்த்துங்கள். சுண்ணாம்புச் சுவருக்கு வினிகர் வேண்டாம், அரித்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும். வினிகரோடு பிளீச்சிங் பவுடர் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். சில நாளிலேயே புள்ளி திரும்ப வந்தால் துடைத்துப் பயனில்லை. எங்கோ கசிவு இருக்கிறது, கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் ஜன்னல் கம்பியையும் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தால் உப்பு. அது காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். துணியால் துடைத்தால் போகாது. நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, உடனே ஈரம் ஒற்றுங்கள்.