அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு கேம் விளையாடலாம், வாங்க

தங்கச்சி பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் பாலக்கோட்டில் எங்கள் வீட்டு அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. கோடை விடுமுறைக்கு வந்த அக்கா மகன் அதை எடுத்துத் துடைத்து, "மாமா, இதுல கேம் ஓடுமா?" என்றான். தர்மபுரியில் ஒரு கடையில் காட்டினோம். புதுசு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். வாங்கவில்லை. இப்போது அதில்தான் தினமும் கார் ரேஸ் ஓடுகிறது. நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன், கணினி பற்றி அதிகம் தெரியாதவர்களும் செய்யலாம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தன. விண்டோஸ் 11 பழைய பிராசசர்களை ஏற்பதில்லை. கள்ளத்தனமாக விண்டோஸ் போட்டு, கிராக் செய்த கேமை ஏற்றினால் கூடவே வைரஸும் வரும். லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரியே கணினியை இயக்கும் இலவச மென்பொருள். அதில் இந்தத் தொல்லை இல்லை: காசு வேண்டாம், யாருக்கும் பயப்படவும் வேண்டாம். ஆரம்ப ஆண்டுகளில் வந்த அரசு லேப்டாப்புகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. நம்மில் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

படி 1: கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். சில வருடங்களுக்கு முன் அக்கா வீட்டுக் கணினியில் லினக்ஸ் போட்டபோது, யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் அழிக்கும் வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அக்கா வீட்டுக்காரரின் ஒரு சீசன் மாங்காய் மண்டிக் கணக்கு முழுக்கப் போனது. நோட்டுகளைப் பார்த்து அவர் திரும்ப எழுத ஒரு வாரம் ஆனது. படம், கணக்கு, சான்றிதழ் என எது இருந்தாலும் முதலில் வேறு பென்டிரைவில் நகலெடுத்துவிடுங்கள்.

படி 2: லினக்ஸ் மின்ட்டை இறக்குங்கள்

லினக்ஸில் பல வகை உண்டு. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட்தான், ஏனென்றால் கீழே ஸ்டார்ட் மெனு, பக்கத்தில் கடிகாரம் என்று எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். அதிலும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள், பழைய கணினிக்கு இலகுவானது. 2 ஜிபி ரேமிலும் ஓடும், 4 ஜிபி இருந்தால் நல்லது. பிராசசர் 64 பிட் ஆக இருக்க வேண்டும்.

கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி வரும். போன் டேட்டாவில் தினசரி அளவு அதற்குள் தீர்ந்துவிடும். அதனால், கோப்பைத் துண்டு துண்டாக இறக்கும் டோரண்ட் வழியாக இறக்குங்கள். இன்று பாதி, நாளை மீதி என்று விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

படி 3: பென்டிரைவில் எழுதுங்கள்

8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். விண்டோஸில் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, பென்டிரைவையும் இறக்கிய கோப்பையும் காட்டி ஸ்டார்ட் கொடுங்கள். அவ்வளவுதான்.

படி 4: நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. பென்டிரைவைச் செருகி, கணினியை ஆன் செய்தவுடன் எஃப்12 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். ஹெச்பி என்றால் எஃப்9. வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் முழுதாகத் திறக்கும். ஹார்ட் டிஸ்கில் இன்னும் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. வைஃபை, சவுண்ட், டச்பேட் எல்லாம் வேலை செய்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாக இருக்கும், நிறுவிய பிறகு சரியாகிவிடும். வைஃபை வரவில்லை என்றால் போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள், போனின் இணையம் கணினிக்குக் கிடைக்கும். நிறுவிய பின் டிரைவர் மேனேஜரில் தேடினால் பெரும்பாலும் அதற்கான டிரைவர் கிடைக்கும்.

படி 5: நிறுவுங்கள்

பழைய லேப்டாப்பில் பேட்டரி நிற்காது. கரண்ட் போனால் பாதியில் நின்றுவிடும். எனவே மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் ஆரம்பிக்காதீர்கள்.

முகப்பில் இருக்கும் 'இன்ஸ்டால்' படத்தைத் திறங்கள். பாட்டும் வீடியோவும் ஓட 'மல்டிமீடியா கோடெக்ஸ்' என்ற பெட்டியில் டிக் செய்யுங்கள். விண்டோஸும் வேண்டும் என்றால் 'அலாங்சைட்' என்று தொடங்கும் வழி, வேண்டாம் என்றால் 'எரேஸ் டிஸ்க்'. இடம் கேட்டால் கொல்கத்தா கொடுங்கள், இந்திய நேரம் அந்தப் பெயரில்தான் இருக்கும். மற்றதெல்லாம் பெயரும் பாஸ்வேர்டும்தான். முடிந்ததும் அப்டேட் மேனேஜரை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

படி 6: கேம்கள்

சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து சூப்பர்டக்ஸ்கார்ட் என்று தேடுங்கள். லினக்ஸின் சின்னமான டக்ஸ் பெங்குவின் கார் ஓட்டும் ரேஸ். திணறினால் கிராஃபிக்ஸ் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். வியூகம் பிடிக்கும் என்றால் 0 ஏ.டி. போடுங்கள். அதில் மௌரியப் படையை நடத்தலாம், அசோகரும் சந்திரகுப்தரும் வீரர்களாக வருவார்கள். ஆனால் அது கொஞ்சம் வலுவான கணினி கேட்கும். மிகப் பழைய லேப்டாப்புக்கு பேட்டில் ஃபார் வெஸ்னோத் பொருத்தம். முறை வைத்து ஆடுவதால் அவசரம் இல்லை. மூன்றும் இலவசம், விளம்பரமும் கிடையாது.

அப்புறம் ஸ்டீம், வால்வ் நிறுவனத்தின் கேம் கடை. அதையும் அதே இடத்தில் நிறுவலாம். 4 ஜிபி ரேம் இருந்தால்தான் நிம்மதியாக ஓடும். பிரவுசிங் சென்டர் காலத்து கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 லினக்ஸிலேயே நேரடியாக ஓடும். விண்டோஸுக்கு மட்டும் செய்த கேம்களை ஓட்ட, வால்வ் நிறுவனம் 2018இல் புரோட்டான் என்ற கருவியைக் கொண்டுவந்தது. கையில் வைத்து ஆடும் அவர்களின் ஸ்டீம் டெக் கருவியிலும் இதுதான் இயங்குகிறது. இப்போதைய ஸ்டீமில் அது தானாகவே இயக்கத்தில் இருக்கும். காசு கொடுத்து வாங்கும் முன் புரோட்டான்டிபி தளத்தில் கேமின் பெயரைத் தேடினால், ஓட்டிப் பார்த்தவர்கள் எழுதிவைத்திருப்பார்கள்.

இரண்டு விஷயங்களை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வேலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் லினக்ஸில் ஓடாது. ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் அவற்றின் மென்பொருள் இங்கே தடையாக இருக்கிறது. அவைதான் வேண்டும் என்றால் விண்டோஸை விடாதீர்கள். இன்னொன்று, புரோட்டானுக்கு வல்கன் என்ற கிராஃபிக்ஸ் வசதி தேவை. 2012, 2013 வாக்கில் வந்த இன்டெல் லேப்டாப்புகளில் அது முழுமையாக இல்லை. அவற்றில் லினக்ஸுக்கென்றே செய்த கேம்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செலவு செய்ய முடிந்தால் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்புக் கருவியை மாட்டுங்கள். கணினி திறக்கும் வேகமே மாறிவிடும்.

படி 7: இரண்டு பேர் சேர்ந்து ஆட

இரண்டு லேப்டாப்பையும் ஒரே போன் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். சூப்பர்டக்ஸ்கார்ட்டின் 'ஆன்லைன்' பகுதியில் 'லோக்கல் நெட்வொர்க்கிங்' இருக்கிறது. ஒருவர் 'கிரியேட் லேன் சர்வர்' கொடுக்க, மற்றவர் 'ஃபைண்ட் லேன் சர்வர்' அழுத்த வேண்டும். ஆட்டம் இரண்டு கணினிகளுக்குள்ளேயே நடப்பதால் டேட்டா தீராது. அக்கா மகனும் பக்கத்து வீட்டுப் பையனும் திண்ணையில் உட்கார்ந்து இப்படித்தான் ஆடுகிறார்கள். இரண்டுமே அரசு கொடுத்த லேப்டாப்தான்.